ஃபார் லாப்: 1931-இல் 68 கிலோ ஏற்றியது அநியாயமா?

நீலவானம்:
51 பந்தயங்களில் ஓடி 37-இல் ஜெயித்த குதிரை ஃபார் லாப். ஆனாலும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், 1931 மெல்போர்ன் கோப்பையில் எட்டாவதாக வந்ததை யாராவது சொல்லிக்காட்டிவிடுகிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்வதே தப்பு. அன்று அதன் முதுகில் ஜாக்கியையும் சேர்த்து 10 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 68 கிலோ. முதலில் வந்த ஒயிட் நோஸ் சுமந்தது 43.5 கிலோதான். இரண்டு மைல் ஓட்டத்தில் 24 கிலோவுக்கு மேல் வித்தியாசம்! எடை போட்டவர்கள் அதை ஜெயிக்கவே விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கு வேறு எப்படியும் தோன்றவில்லை.

லாடம்:
மெல்போர்ன் கோப்பை ஹேண்டிகேப் பந்தயம். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒன்றாகக் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை போடுபவரின் கணக்கு. அதில் பகை எங்கே வந்தது? 1890-இல் கார்பைன் என்ற குதிரை சுமார் 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய கூட்டத்தில் முதலில் வந்தது. ஃபார் லாப்புக்கு அதைவிட இரண்டு கிலோ சொச்சம்தான் கூடுதல்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறீர்கள். 1929 கோப்பையில் ஃபார் லாப்புக்கு வெறும் 47 கிலோ. அப்போதும் மூன்றாவதாகத்தான் வந்தது. ஜாக்கி ஜிம் பைக்கால் அந்த எடைக்கு உடம்பை இறக்க முடியாமல் பாபி லூயிஸ் ஏறினார். குதிரை முன்னே பாயத் துடிக்கிறது, அவர் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறார். அந்த மல்லுக்கட்டிலேயே பலம் போய்விட்டது. எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நீலவானம்:
கார்பைனை யாரும் துப்பாக்கியால் சுடவில்லையே. 1930 நவம்பர் 1, சனிக்கிழமை காலை. பயிற்சி முடிந்து வரும் வழியில் ஒரு காரிலிருந்து ஃபார் லாப்பை நோக்கிச் சுட்டார்கள். கூட வந்த பராமரிப்பாளர் டாமி வுட்காக் குதிரையை மறைத்துக் காப்பாற்றினார். குண்டு படவில்லை. அன்று மதியமே அது மெல்போர்ன் ஸ்டேக்ஸ் என்ற பந்தயத்தில் ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை 62.5 கிலோவோடு கோப்பையை வென்றது. அந்த ஒரு வாரத்தில் மட்டும், கோப்பை நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்தில் நான்கு பந்தயம், நான்கிலும் வெற்றி. அப்படி ஜெயித்ததற்கு அடுத்த வருடம் கிடைத்த பரிசு இன்னும் ஐந்தரை கிலோ! இதைத் தண்டனை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

வேலியோரம்:
இருவருமே எடை போட்டவரைச் சுற்றியே பேசுகிறீர்கள். 68 கிலோ என்பது பந்தயத்தன்று காலையில் வந்த செய்தி இல்லை, முன்பே தெரிந்ததுதான். வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடலாம். அதைச் செய்யும் உரிமை குதிரையின் சொந்தக்காரர்களான டேவிஸுக்கும் டெல்ஃபோர்டுக்கும் இருந்தது.

இவர்கள் கதையே வேறு. நியூசிலாந்தில் 160 கினிக்கு (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) வாங்கிய குட்டி வந்து இறங்கியதும், அதன் தோற்றத்தைப் பார்த்த டேவிஸ் பயிற்சிக்குப் பணம் தரமாட்டேன் என்றார். அதனால் பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்ட் மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்தார். 1931-இல் குதிரை இருவருக்கும் பொது. அந்தப் பருவத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து கோப்பைக்கு மூன்று நாள் முன்பு வரை எட்டுப் பந்தயம் ஓடி எட்டிலும் ஜெயித்திருந்தது. களைத்துப்போன குதிரையை 68 கிலோவோடு இறக்கியது அதன் சொந்தக்காரர்கள்தான். என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

நீலவானம்:
களைத்த குதிரையா? நாலரை மாதம் கழித்து, 1932 மார்ச் 20-ஆம் தேதி மெக்சிகோவின் அகுவா காலியென்டேயில் என்ன நடந்தது? நீண்ட கப்பல் பயணம், வெடித்த குளம்பு, பழகாத மண் தளம். முதுகில் பில்லி எலியட் என்ற ஜாக்கி, சுமை 58.5 கிலோ. அந்த மைதானத்தின் சாதனையையே உடைத்தது. நியாயமான எடை போட்டால் அது என்ன செய்யும் என்பதற்கு அந்த ஓட்டமே சாட்சி. பதினாறாவது நாள் கலிபோர்னியாவில் செத்துப்போனது. அதைக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

லாடம்:
நடுவில் நான்கு மாத ஓய்வு கிடைத்ததே, அதைக் கணக்கில் எடுக்கவில்லையா? அது வேலியோரம் சொன்னதற்குத்தான் வலு சேர்க்கிறது.

சாவுக்கு வருகிறேன். 2008-இல் பிடரி மயிரை ஆய்வு செய்த முடிவு வெளியானது. சாவதற்கு 30 முதல் 40 மணி நேரம் முன்பு பெரிய அளவில் ஆர்செனிக் என்ற நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்றார்கள். உடனே எல்லோரும் சூதாட்டக் கும்பலைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் குதிரைக்குக் கொடுத்த டானிக்குகளிலேயே ஆர்செனிக் உண்டு. டெல்ஃபோர்டின் டானிக் குறிப்புப் புத்தகத்திலும் அது இருக்கிறது. அளவு தவறிப்போயிருக்கலாம். குடல் நோய் என்று சொல்பவர்களும் உண்டு. வெளியில் ஓர் எதிரியைத் தேடிக்கொண்டே இருந்தால் லாயத்துக்குள் நடந்தது கண்ணில் படாது. 1931-க்கும் இதைத்தான் சொல்வேன்.

நீலவானம்:
வுட்காக் அந்தக் குதிரையோடு லாயத்திலேயே படுத்துத் தூங்கியவர். அவர் கை தவறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டானிக் பற்றி நீங்கள் சொல்வது நடந்திருக்க முடியாதது இல்லை, சரி. 1931-இல் இறக்கியிருக்கக் கூடாது என்பதையும் வேலியோரத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதற்காக 24 கிலோ வித்தியாசம் நியாயம் என்று ஆகிவிடாது.

ஒரே ஒரு விஷயம். அன்று இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்ததும் பைக் குதிரையை விரட்டவில்லை, அதன் போக்கிலேயே விட்டுவிட்டார். அந்த எட்டாவது இடத்தை யாராவது இன்னொரு முறை சொல்லிக்காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.