பிசியில் உள்ள பாட்டு பிஎஸ்4-ல்: மீடியா சர்வர் 5 நிமிஷத்தில் காணாமல் போகிறது

ஒலிப்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். பிசியில் இருக்கும் பாட்டுகளை ஹாலில் உள்ள பிஎஸ்4 வழியாகக் கேட்க வேண்டும். பிசியில் விண்டோஸ் 10, பாட்டுகளை வீட்டு நெட்வொர்க்கில் கொடுக்கும் மென்பொருளாக யுனிவர்சல் மீடியா சர்வர். பிஎஸ்4-ல் சோனியின் மீடியா பிளேயர் ஆப். பிசி கேபிளில், வெப் பக்கம் வழியாக செட்டிங் மாற்றக்கூடிய 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்றுக்குப் போகிறது. ரவுட்டரும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டும் அதே ஸ்விட்சில்தான். பிஎஸ்4 வைஃபையில். எல்லாம் ஒரே ஐபி வரிசை, 192.168.1-ல் தொடங்குவது. மொத்தம் 11,000 ஃபைல் போல இருக்கும். பாதி எம்பி3, மீதி ஃப்ளாக், கொஞ்சம் எம்4ஏ.

சர்வரை ஸ்டார்ட் செய்ததும் பிஎஸ்4-ல் தெரிகிறது, பாட்டும் ஓடுகிறது. நாலைந்து நிமிஷம் கழித்து ஆப்பை மூடித் திறந்தால் சர்வர் பட்டியலில் இல்லை. ஆப்பை மூடாமல் விட்டால், ஓடுகிற பாட்டு நிற்பதில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது, மறுபடி அதே கதை. பிரின்டர், போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்வது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

கூடவே மூன்று கேள்வி. எம்4ஏ சிலது ஓடுகிறது, சிலது ஓடவில்லை, ஏன்? சில ஆல்பங்களில் தமிழ்ப் பெயர் குப்பையாக வருகிறது, எப்படிச் சரிசெய்வது? கேம் ஆடும்போதே பின்னணியில் பாட்டு கேட்க வழி உண்டா?

வேகவேகமா:

விண்டோஸ் ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டு பாருங்க ப்ரோ. 90% அதுதான்.

கம்பிவலை:

ஃபயர்வாலாகவும் இருக்கலாம், ஆனால் ஆஃப் செய்யாமலே கண்டுபிடிக்கலாம். கன்சோல் சர்வரைக் கண்டுகொள்ள இரண்டு பாதை உண்டு. ஒன்று, சர்வர் தொடங்கும்போது தானாகவே "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிப்பது. இன்னொன்று, ஆப்பைத் திறக்கும்போது கன்சோல் "யார் இருக்கிறீர்கள்?" என்று கூவுவது. இரண்டும் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே செய்தி, அந்தக் குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் போகும் முகவரி), யுடிபி 1900 போர்ட்டில் போகும். ஃபயர்வால் யுடிபி 1900-ஐ உள்ளே விடவில்லை என்றால் சர்வரின் அறிவிப்பு மட்டும் வெளியே போகும், கன்சோலின் கூவல் சர்வர் காதில் விழாது. அப்போதும் "முதலில் தெரிந்தது, பிறகு காணோம்" என்றுதான் தோன்றும்.

அதனால் சோதனையை இப்படிச் செய்யுங்கள். பிஎஸ்4-ல் ஆப் மூடியிருக்கட்டும். பிசியில் சர்வரை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் கழித்து ஆப்பைத் திறங்கள். சர்வர் தெரிந்தால் கூவல் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஃபயர்வால் மேல் குற்றம் இல்லை. பிறகு 6 நிமிஷம் விட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். முதல் தடவை தெரிந்து இரண்டாம் தடவை தெரியவில்லை என்றால், ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் ஆன் ஆகியிருந்து, க்வெரியர் எங்கேயும் இல்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நான் அதன் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

ஸ்நூப்பிங் உள்ள ஸ்விட்ச், எந்த மல்டிகாஸ்ட் குழுவில் எந்த போர்ட் சேர்ந்திருக்கிறது என்று பேர் எழுதி வைத்துக்கொள்ளும். மீடியா சர்வர் தொடங்கியதும் "என்னையும் சேர்த்துக்கொள்" என்று ஒரு செய்தி அனுப்பும், ஸ்விட்ச் எழுதிக்கொள்ளும். க்வெரியர் என்று ஒருவர் நெட்வொர்க்கில் இருந்தால் வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்பார், பிசி "ஆம்" என்று சொல்லும், பேர் நிலைக்கும். கேட்க ஆள் இல்லையென்றால் பிசியும் வாய் திறக்காது. 260 விநாடி பார்த்துவிட்டு ஸ்விட்ச் பேரை அடித்துவிடும். 260 விநாடி என்பது 4 நிமிஷம் 20 விநாடி. உங்கள் "நாலைந்து நிமிஷம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருவது, சேர்த்துக்கொள்ளச் சொல்லும் செய்தி மறுபடி போவதால். ஓடுகிற பாட்டு நிற்காதது, பாட்டு எச்டிடிபியில் கன்சோலுக்கும் பிசிக்கும் நேரடியாகப் போவதால். அதற்கு மல்டிகாஸ்ட் தேவையே இல்லை. பிரின்டரும் காஸ்டும் பிழைத்ததற்குக் காரணம், அவை 224.0.0.251 முகவரியைப் பயன்படுத்துகின்றன. 224.0.0-ல் தொடங்கும் முகவரிகளை ஸ்நூப்பிங் இருந்தாலும் எல்லா போர்ட்டுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது விதி. 239-க்கு அந்தச் சலுகை கிடையாது.

சரிசெய்ய, ஸ்விட்சின் வெப் பக்கத்தில் ஐஜிஎம்பி க்வெரியர் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். ஸ்விட்சில் இல்லையென்றால் ரவுட்டரில் தேடுங்கள். வீடு முழுக்க ஒரே ஒரு க்வெரியர் போதும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் ஸ்நூப்பிங்கையே ஆஃப் செய்துவிடலாம். ஆனால் இணையம் வழி டிவி சேவை மல்டிகாஸ்டில் வருகிற வீடாக இருந்தால் அதைச் செய்யாதீர்கள். டிவி ஓட்டம் எல்லா போர்ட்டிலும் கொட்டி வைஃபை மூச்சுத் திணறும்.

நெட்ஷ்நேசன்:

மேலே சொன்னது சரி. சேர்க்க வேண்டியது ஒன்று: எந்த அடாப்டரில் குழு சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ட்டில் நெட்ஷ், இன்டர்ஃபேஸ், ஐபி, ஷோ, ஜாயின்ஸ் என்று ஐந்து சொல்லையும் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடித்தால் ஒவ்வொரு அடாப்டரின் கீழும் அது சேர்ந்திருக்கும் குழுக்கள் வரும். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் 239.255.255.250 இருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி, விபிஎன் ஏதாவது போட்டிருந்தால் அவையும் தனித்தனி அடாப்டராக நிற்கும். சர்வர் தவறிப்போய் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கன்சோலால் தொடவே முடியாத ஒரு ஐபியை அறிவித்துக்கொண்டிருக்கும். யுனிவர்சல் மீடியா சர்வரின் நெட்வொர்க் செட்டிங்கில் எந்த அடாப்டர் என்று கட்டாயப்படுத்த இடம் இருக்கிறது, அதில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

@வேகவேகமா, ஃபயர்வாலை முழுசாக ஆஃப் செய்யச் சொல்ல வேண்டாமே. யுடிபி 1900, அதோடு அந்த சர்வரின் டிசிபி 5001, இரண்டையும் ப்ரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதித்தால் முடிந்தது. விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை பப்ளிக் என்று குறித்து வைத்திருந்தால் மட்டும் முதலில் ப்ரைவேட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஒலிப்பெட்டி:

ஜாயின்ஸ் பார்த்தேன், ஈதர்நெட்டின் கீழ் 239.255.255.250 இருக்கிறது. ஒரு நிமிஷச் சோதனையில் சர்வர் தெரிந்தது, 6 நிமிஷச் சோதனையில் இல்லை. ஸ்விட்சில் ஸ்நூப்பிங் ஆன், க்வெரியர் ஆஃப். க்வெரியரை ஆன் செய்து 40 நிமிஷம் ஆகிறது, ஆப்பை எத்தனை முறை மூடித் திறந்தாலும் சர்வர் நிற்கிறது. மிக்க நன்றி.

கம்பிவலை:

நல்லது. இனி எப்போதாவது மட்டும் தெரியாமல் போனால் அது வைஃபை பக்கம். வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு "கிடைத்தது" என்ற பதில் கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். ஆப்பை இன்னொருமுறை திறந்தால் வந்துவிடும். தொல்லையாக இருந்தால் பிஎஸ்4-க்குக் கேபிள் போடுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டில் கெஸ்ட் நெட்வொர்க், கிளையன்ட் ஐசொலேஷன் (சாதனங்கள் ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்து வைப்பது) இரண்டும் பிஎஸ்4 இருக்கும் வைஃபையில் ஆஃப் ஆகவே இருக்கட்டும்.

பிட்ரேட்:

எம்4ஏ விஷயம். அது வெறும் டப்பா. உள்ளே ஏஏசி இருக்கலாம், ஆப்பிளின் லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாமல் சுருக்கும் ஏலாக்கும் இருக்கலாம். வெளியே பெயர் ஒன்றுதான். பிஎஸ்4 மீடியா பிளேயர் ஏஏசியை ஓட்டும். ஓடாத ஒரு ஃபைலை, ஃபைலின் உள்விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து ஃபார்மட் வரியைப் பாருங்கள், அநேகமாக ஏலாக் என்று இருக்கும். அவற்றை ஃப்ளாக்காக மாற்றிவிடலாம், இரண்டும் லாஸ்லெஸ் என்பதால் ஒலியில் ஒரு துளி குறையாது. பிறகு ஃப்ளாக்கை எப்படிக் கொடுப்பது என்பதை சர்வரின் டிரான்ஸ்கோடிங் (ஓடும்போதே வேறு ஃபார்மட்டுக்கு மாற்றிக் கொடுப்பது) பார்த்துக்கொள்ளும். ஃபைல் பெயர் எம்4பி (ப்ரொடெக்டட் என்பதன் முதல் எழுத்தான பி) என்று முடிந்தால் அது பூட்டுப் போட்ட பழைய ஐடியூன்ஸ் பாட்டு. 2009-ல் ஆப்பிள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது, அதற்கு முன் வாங்கியவை அப்படியே இருக்கும். எந்த கன்சோலிலும் ஓடாது, டிரான்ஸ்கோடிங்கும் உதவாது.

டிரான்ஸ்கோடிங் என்றதும் வைஃபை தாங்குமா என்று பலர் பயப்படுவார்கள். கணக்குப் பாருங்கள்: எம்பி3-ல் உச்சம் விநாடிக்கு 320 கிலோபிட், 4 நிமிஷப் பாட்டு 9.6 எம்பி. சிடி தரத்தை அமுக்காமல் அனுப்பினால் 1,411 கிலோபிட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோகூட 4,608 கிலோபிட்தான், அதாவது 5 மெகாபிட்டுக்கும் கீழே. வீடியோ ஓடுகிற வைஃபையில் பாட்டு விக்கினால், வேகத்தைக் குறை சொல்லாமல் சிக்னலைப் பாருங்கள்.

வேகவேகமா:

அப்போ எல்லாத்தையும் எம்பி3 320-க்கு மாத்தி வச்சிட்டா தலைவலியே இல்லையே?

பிட்ரேட்:

தனி ஃபோல்டரில் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளலாம், மூல ஃப்ளாக்கை அழிக்காதவரை. எஃப்எஃப்எம்பெக் என்ற ஃபார்மட் மாற்றும் மென்பொருளில் மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள்: சொல்லாவிட்டால் அது ஐடி3 டேகை (பாட்டு, ஆல்பம் பெயர்களை ஃபைலுக்குள்ளேயே வைக்கும் பகுதி) 2.4 பதிப்பில் எழுதும். பழைய கன்சோல்களுக்கு 2.3 பாதுகாப்பு, அதைக் கட்டளையில் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

எழுத்தாணி:

தமிழ்ப் பெயர் குப்பையாக வருகிறது என்றால் எந்த மாதிரிக் குப்பை என்று முதலில் பாருங்கள். வைத்தியம் அதைப் பொறுத்தது.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் டேகில் தவறில்லை, கன்சோலில் அந்த எழுத்துக்கு எழுத்துரு இல்லை. அதே பாட்டை பிசியில் பார்த்தால் தமிழ் சரியாகத் தெரியும். தலைக்கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், டிஸ்கி, டேப் மாதிரி பழைய தமிழ்க் குறியேற்றத்தில் டைப் செய்து அதை லத்தீன் என்று டேகில் போட்டிருக்கிறார்கள். யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் பெயர் திரும்பக் கிடைக்கும். கேள்விக்குறி வரிசையாக வந்தால் கதை முடிந்தது, எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது. கையால் டைப் செய்வதைத் தவிர வழியில்லை.

உங்களுக்குச் சில ஆல்பம் மட்டும் கெட்டிருப்பதால் எழுத்துரு குற்றமாக இருக்காது. டேக் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் போய், எழுதும் பதிப்பை ஐடி3வி2.3 யுடிஎஃப்-16 என்று வையுங்கள், ஐடி3வி1-ஐ நீக்கச் சொல்லுங்கள். வி1-ல் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான், யூனிகோடும் கிடையாது. சில மென்பொருள் யுடிஎஃப்-8-ஐ அதற்குள் திணித்துவிடும். ஒரு தமிழ் எழுத்துக்கே 3 பைட், உயிர்மெய்க்குக் குறி சேர்ந்தால் 6. ஐந்தாறு எழுத்தில் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான்.

டேக் மாற்றிய பிறகு சர்வரை அந்த ஃபோல்டரை மறுபடி ஸ்கேன் செய்யவிட வேண்டும். அது தன் டேட்டாபேஸில் உள்ள பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும், மாற்றம் பலிக்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். அப்படியே ஆல்பம் படத்தையும் கவனித்துவிடுங்கள். 3000க்கு 3000 படத்தை ஒவ்வொரு பாட்டிலும் பதித்து வைத்தால் பட்டியல் ஆமை வேகத்தில்தான் திறக்கும். 600க்கு 600 ஜேபெக் தாராளம்.

மூன்றாம்கன்ட்ரோலர்:

கேம் ஆடும்போது பாட்டு: பிஎஸ்4-ல் நம்பகமான வழி யுஎஸ்பி பென் டிரைவ்தான். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள், என்டிஎஃப்எஸ் எடுக்காது. டிரைவில் நுழைந்ததும் மியூசிக் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டர் இருக்க வேண்டும், பாட்டெல்லாம் அதற்குள். யுஎஸ்பி மியூசிக் பிளேயரில் ஓடவிட்டு கேமைத் திறக்கலாம். பிஎஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் சின்ன மெனுவிலேயே பாட்டை மாற்றலாம், நிறுத்தலாம்.

பழைய எக்ஸ்பாக்ஸ் 360 யாரிடமாவது இருந்தால், அதில் கைடு பட்டனை அழுத்தி பிசியில் உள்ள பாட்டையே கேமின் பின்னணியில் ஓட்டலாம். பிஎஸ்5-க்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சோனி அதில் டிஎல்என்ஏ மீடியா பிளேயரை, அதாவது இந்த மாதிரி நெட்வொர்க் மீடியா சர்வரைக் கண்டுபிடித்து ஓட்டும் ஆப்பை, வைக்கவில்லை. பிளெக்ஸ் மாதிரி தனக்கென்று ஆப் உள்ள சர்வரைப் பிசியில் போட வேண்டியிருக்கும்.

ஒலிப்பெட்டி:

ஓடாத எம்4ஏ எல்லாம் ஏலாக்தான், 212 ஃபைல். ஃப்ளாக் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலும் தலைக்கொம்பு ரகம், இரண்டு ஆல்பம் மட்டும் கேள்விக்குறி. கடைசியாக ஒன்று: பாட்டு ஓடும்போதே பிசி தூங்கிப்போகாமல் இருக்க என்ன செய்வது? இப்போது ஸ்லீப்பை நெவர் என்று வைத்திருக்கிறேன்.

நெட்ஷ்நேசன்:

நெவர் தேவையில்லை. அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ரிக்வெஸ்ட்ஸ் என்று கொடுங்கள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது. சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் சர்வரோ அதன் ஜாவாவோ தெரிந்தால், ஓடும்வரை பிசியை அதுவே விழித்திருக்க வைக்கிறது. ஸ்லீப்பைத் தைரியமாக 30 நிமிஷத்துக்குக் கொண்டுவரலாம். ஒன்றும் இல்லை என்று வந்தால் சர்வரின் செட்டிங்கில் ஸ்லீப்பைத் தடுக்கும் ஆப்ஷனைத் தேடி, ஓடும்போது மட்டும் என்று வையுங்கள்.