சதுரத் தூணுக்குக் கார்பன் துணியா, காங்கிரீட் கவசமா?

செந்தூல்காரன்:
எங்கள் சைட்டில் ஒரு பழைய ஆற்றுப் பாலம். தூண் 1.2 மீட்டர் சதுரம், 6 மீட்டர் உயரம். நேர்க்கம்பிகளைச் சுற்றி இறுக்கும் ரிங் கம்பியைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஆலோசகர் சுற்றிலும் 100 மி.மீ. காங்கிரீட் கவசம் போடச் சொல்கிறார். பலகை அடித்து, துளை போட்டு, கம்பி நட்டு... எதற்கு? கார்பன் ஃபைபர் துணியைச் சுற்றி எபாக்சிப் பசையில் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். இழுவலிமையும் சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு.

பாகான் அண்ணன்:
தம்பி, சதுரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வட்டத் தூணில் துணி எல்லாப் பக்கமும் இறுக்கும். சதுரத்தில் மூலைதான் இறுகும், பக்கங்களின் நடுப்பகுதிக்குப் பெரிய பலனில்லை. மூலையின் கூரைச் செதுக்கி உருட்டாமல் சுற்றினால் துணி அங்கேயே அறுந்துபோகும். அதோடு கம்பி நீண்டு எச்சரிக்கும். கார்பன் பட்டென்று போய்விடும்.

செந்தூல்காரன்:
கவசத்தின் கனம் தூணுக்குக் கிட்டத்தட்ட 8 டன். அதைத் தாங்கும் அடித்தளப் பைலுக்கு யார் பதில் சொல்வது?

பாகான் அண்ணன்:
மேல்தளமே நூற்றுக்கணக்கான டன் இருக்கும். 8 டன்னுக்கா பயம்?

செந்தூல்காரன்:
சரி, கனத்தை விடுங்கள். கவசத்தால் 1.2 மீட்டர் 1.4 ஆனால், வளையாமல் நிற்கும் விறைப்பு 1.85 மடங்கு. நிலம் ஆடும்போது விறைத்து நிற்கும் தூண்தான் அதிக விசையை இழுத்துக்கொள்ளும். 2014இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலத்தில் அதிர்வைத் தணிக்க இயற்கை ரப்பர் தாங்கிகளை வைத்தது எதற்காம்?

பாகான் அண்ணன்:
அது புதிதாகக் கட்டும்போதே யோசித்தது. இருந்தாலும் விறைப்புக் கணக்கு சரிதான், அதற்கு என்னிடம் பதிலில்லை.

கெப்போங்வாசி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2004இல் எங்கள் கோலாலம்பூர் எம்.ஆர்.ஆர்.2 சுற்றுச்சாலை மேம்பாலத்தில் 33 தூண்களில் 31இல் விரிசல். தூணின் உடம்பில் இல்லை, மேல்தளத்தைத் தாங்கும் கிராஸ்ஹெட்டில். கம்பியை நங்கூரமிட்ட விதமே தப்பு என்றது ஒரு தரப்பு, காங்கிரீட்டுக்குள் நடந்த வேதிவினை என்றது இன்னொன்று. 2006, 2008 என்று மறுபடி மறுபடி மூடினார்கள், நாங்கள் ஜாமில் கிடந்தோம். உள்ளே கம்பி பிடிக்காத இடத்தில் வெளியே துணி சுற்றி என்ன, கவசம் போட்டு என்ன? உங்கள் விரிசல் எங்கே?

செந்தூல்காரன்:
விரிசலே இல்லை. கனரக லோரி கூடியதால் முன்கூட்டியே பலப்படுத்துகிறோம்.

பாகான் அண்ணன்:
அப்படியென்றால் துணியையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் மூலையை 30 மி.மீ. உருட்டினால் உள்ளே கம்பி தெரிந்துவிடாதே?

செந்தூல்காரன்:
நாளை ஒரு மூலையைக் கொத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணே.