30 மீட்டர் போனா அம்பு இடது பக்கமே ஓடுது, யாராவது சொல்லுங்கப்பா

வணக்கம் மக்களே, சேலம் அஸ்தம்பட்டி நான். மாமா பையன் அமெரிக்கால டெக்சாஸ்ல லைசென்ஸ் வாங்கி வில்லுல மான் வேட்டைக்குப் போறவன், விடியக்காலைல மரத்துல ஏறி நாலு மணி நேரம் அசையாம உக்காந்து, கடைசில மான் வந்தும் நாண் சத்தத்துக்குப் பொசுக்குனு குனிஞ்சுடுச்சு, அம்பு முதுகுக்கு மேல போயிடுச்சாம், போன்ல அழாத குறை. நம்மூர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே கூடாது, எனக்கு அந்த ஆசையும் இல்ல, ஆனா அவன் கதை கேட்டு காம்பவுண்ட் வில் (முனைல கப்பி வெச்ச வில்) வாங்கிட்டேன். ஏற்காட்டுல தெரிஞ்சவங்க காப்பித் தோட்டத்துல சாக்குல பழந்துணி அடைச்சு வெச்சு அடிக்கிறேன், 20 மீட்டர் ஓகே, 30ல எல்லாம் இடது பக்கம், நேத்து ஒண்ணு சில்வர் ஓக் மரத்துல குத்தி பிடுங்கவே வரல. கைப்பிடிய இறுக்கிப் பிடிக்கிறதாலயா, அம்பு தாங்குற ரெஸ்ட்டோட செட்டிங் தப்பா? சேலத்துல கத்துக் குடுக்கறவங்க இருந்தாலும் சொல்லுங்க.