55-250ஆ, 70-300ஆ? வடுவூர் ஏரிக்கு எந்த ஜூம் லென்ஸ் வாங்கலாம்?

மன்னை ஒளி:
வணக்கம். கையில் கேனான் 200டி கேமரா, கூடவே வந்த 18-55 மிமீ லென்ஸ் (இந்த எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). மழை விட்டதும் வடுவூர் ஏரியில் பறவைகள் கூடிவிடும், அதற்குள் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கிவிட வேண்டும். 55-250 எஸ்டிஎம் மாடல் எடுப்பதா, 70-300 ஐஎஸ் இரண்டாவது பதிப்பு எடுப்பதா? விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. பறவைதான் முதல் ஆசை, ஆனால் கோடிக்கரை வெளிமான், தாராசுரம் சிற்பம் எல்லாம் எடுக்க வேண்டும். கடைக்காரர் 75-300 ஒன்றைக் காட்டி, விலை குறைவு, இதுவே போதும் என்கிறார்.

வெண்ணாற்றங்கரை:
அந்த 75-300 வேண்டவே வேண்டாம் தம்பி. இப்போது கடையில் கிடைக்கும் அந்த லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் கிடையாது, 300க்குப் போனால் படத்தில் கூர்மையும் இருக்காது. மற்ற இரண்டில் நான் 55-250 பக்கம். 250இலிருந்து 300க்குப் போனால் பறவை ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல் பெரிதாகத் தெரியும், கடைசி முனையில் இரண்டுமே எஃப் 5.6 தான், அதாவது உள்ளே விடும் வெளிச்சம் ஒன்றேதான், ஆனால் எடை 375 கிராமும் 710 கிராமும், காலை முழுக்க ஏரிக்கரையில் கழுத்தில் தொங்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தாராசுரத்தில் விரல் நீளச் சிற்பங்கள் நிறைய உண்டு, 55-250 முக்கால் மீட்டருக்குச் சற்று மேலேயே ஃபோகஸ் ஆகிவிடும். மற்றதற்கு 1.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோயிலுக்குள் அகலமாக வளைத்து எடுக்க உன் 18-55 இருக்கவே இருக்கிறது.

ஏரிக்கரைவாசி:
அண்ணன் சொன்னதில் எடை விஷயம் சரி, ஆனால் உட்கார்ந்திருக்கும் நாரையை மட்டும் எடுப்பதாக இருந்தால்தான் அது முழுசாகப் பொருந்தும். நத்தைகுத்தி நாரை கூட்டமாக எழும்பும்போதோ, வாத்துகள் தலைக்கு மேல் போகும்போதோ 70-300இன் நானோ யுஎஸ்எம் என்கிற ஃபோகஸ் மோட்டார் பிடிக்கிற வேகம் வேறு. இன்னொன்று, 55-250 உங்களுடையது போன்ற கிராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடிக்கு மட்டும் செய்தது, நாளைக்குப் பெரிய சென்சார் உள்ள கேனான் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினால் அதில் மாட்டவே முடியாது. எதை வாங்கினாலும் பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி பக்கம் வையுங்கள், ஐஎஸ் உங்கள் கை அசைவைத்தான் அடக்கும், சிறகசைவை அடக்காது.

கோடியக்காடு:
நேராகச் சொல்கிறேன், தூரத்துப் பறவைக்கு இரண்டும் எட்டாது. கோடிக்கரையில் பூநாரைகள் நிற்கும் இடத்துக்கு 150-600 மாதிரி ஒன்று வேண்டும், சிக்மா கன்டெம்பரரி என்றால் கிட்டத்தட்ட 2 கிலோ, விலையும் அதற்கேற்ப. அதனால் இப்போது 55-250 வாங்கிக் கை பழகுங்கள், மிச்சப் பணத்தைப் பெரிய லென்ஸுக்குச் சேர்த்து வையுங்கள். நடுவில் 70-300க்குக் கொடுக்கும் காசு இரண்டுக்கும் உதவாமல் போகும் என்பது என் எண்ணம். வெயில் ஏறிய பிறகு உப்பளத்து மேல் கானல் அலையடிக்கும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் படம் குழைந்துதான் வரும், அதனால் விடியலிலேயே போய்விடுங்கள். அப்புறம், நம் டெல்டா ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். கார்த்திகை மாதம் பையிலேயே அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

மன்னை ஒளி:
எல்லோருக்கும் நன்றி. 55-250 என்றே முடிவு செய்துவிட்டேன், செகண்ட் ஹேண்டில் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன்.