ஊராட்சியில பல்பு, பிளீச்சிங் பவுடர் வாங்குன பில்லை எப்படி தொடர்ந்து பாக்குறது?

வடக்குத்தெரு மீனா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊராட்சி மூணு வருஷமா என்னென்ன சாமான் வாங்குச்சு, யாருக்கு காசு போச்சுன்னு ஒரு எக்செல் ஷீட் போட்டுட்டு வர்றேன். ஊராட்சி வரவு செலவு போடுற அரசாங்க சைட்டு இ-கிராம்ஸ்வராஜ்ல வவுச்சர் வவுச்சரா பாத்து டைப் பண்றது, பாப்பா தூங்குன பிறகுதான் உக்கார முடியும். இப்ப பாத்தா தெருவிளக்கு, மோட்டார் சாமான், பிளீச்சிங் பவுடர் எல்லாமே சுத்தி சுத்தி மூணே பேருக்குத்தான் போயிருக்கு. எங்க தெருவுல 11 கம்பம், அதுல 4 எரியவே இல்ல. மூணு கடையும் ஒரே ஆளோடதா இருக்குமோன்னு மனசுல ஓடுது, ஆனா அத வச்சு ஒருத்தர பேசிற முடியாதுல்ல. எப்படி உறுதி பண்றது? அடுத்து எந்த பேப்பர கேக்கணும்?

கணக்குப்பிள்ளை:
மொதல்ல பில்லோட காப்பி வாங்குங்க, ஜிஎஸ்டி பதிவு பண்ண கடைன்னா அதுல ஜிஎஸ்டி நம்பர் இருக்கும். 15 எழுத்து, முதல் ரெண்டு மாநிலம் (நமக்கு 33), அடுத்த 10 எழுத்து அப்படியே அந்த ஆளோட பான் நம்பர். கடை பேரு வேற வேறயா இருந்தாலும் நடுவுல இருக்குற அந்த 10 எழுத்து ஒண்ணா இருந்தா ஓனர் ஒண்ணுதான். அந்த பான்ல நாலாவது எழுத்து பி-னா தனிநபர், எஃப்-னா பார்ட்னர்ஷிப், சி-னா கம்பெனி. ஜிஎஸ்டி சைட்ல நம்பரை போட்டா பதிவு எந்த தேதி, இப்ப உயிரோட இருக்கா கேன்சல் ஆயிருச்சான்னு காசு கட்டாம பாத்துக்கலாம். பதிவு தேதிக்கு முன்னாடி தேதியில பில் இருந்தா அத தனியா குறிச்சு வைங்க. பான் வேறயா வந்துட்டா வேற ஆள்னும் முடிவு கட்டாதீங்க, வீட்டுக்காரம்மா பேர்ல ஒண்ணு மச்சான் பேர்ல ஒண்ணுன்னு இருக்கலாம், வாங்குறதுக்கு முன்னாடி மூணு கடையும் விலை எழுதி குடுத்த கொட்டேஷன பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா விலாசமும் போன் நம்பரும் கொஞ்சம் சொல்லும்.

ரிட்டையர்டு செயலர்:
தங்கச்சி, நான் 26 வருஷம் ஊராட்சி செயலரா இருந்தவன். ஒரே கடையில வாங்குறதே தப்புன்னு எடுத்துக்காதம்மா. நிதி வர மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் கடனுக்கு மோட்டார் காயில் கட்டி குடுக்க சுத்துப்பட்டுல ஒருத்தனோ ரெண்டு பேரோதான் இருப்பான், தண்ணி வரலன்னா ஊரே வாசல்ல நிக்கும், அப்ப கொட்டேஷன் தேடிட்டு இருக்க முடியாது. ஆனா பல்பும் பவுடரும் அப்படி அவசர சாமான் இல்ல. அங்கதான் நீ பாக்கணும். டெண்டர் வேணாம்னு பெரிய தொகைய துண்டு துண்டா வெட்டி, அடுத்தடுத்த நாள் தேதி போட்டு பில் எழுதியிருக்கானு பாரு. அப்புறம் நீ பாக்குற இ-கிராம்ஸ்வராஜ் சைட்ல மத்திய நிதிக்குழு மானியக் காசுதான் நல்லா தெரியும், வீட்டு வரி வந்து சேர்ற பொது நிதி கணக்குல வாங்குனத ஆபீஸ்ல போய்த்தான் பாக்கணும்.

எல்லாத்த விட முக்கியம் ஸ்டாக் ரெஜிஸ்டர், அதான் சாமான் வரவு செலவு எழுதுற இருப்புப் பதிவேடு. பில் வந்துச்சு, காசு போச்சு, சாமான் வந்துச்சா? வந்தது எந்த கம்பத்துக்கு போச்சு?

மனு மாரி:
ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்ட மனு போடுறப்ப "ஏன் வாங்குனீங்க"ன்னு கேட்டா பதிலே வராது, பேப்பரை கேளுங்க. கொட்டேஷன், ஒப்பீட்டு பட்டியல், தீர்மான நகல், பில், ஸ்டாக் ரெஜிஸ்டர். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புனா போதும், 30 நாள்ல பதில் தரணும். ஆபீஸ் மாறி போயிருச்சுன்னா அந்த சட்டத்தோட பிரிவு 6(3)-படி 5 நாளுக்குள்ள அவங்களே மாத்தி அனுப்பணும். நான்னா நகல் கேக்குறதுக்கு முன்னாடி பிரிவு 2(ஜே)-படி நேர்ல பாக்கணும்னு எழுதுவேன், முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணமே கிடையாது, எந்த பக்கம் வேணும்னு பாத்துட்டு அத மட்டும் நகல் எடுக்கலாம். தனியா மட்டும் போகாதீங்கக்கா, யாரையாச்சும் கூட்டிட்டு போங்க. கடை பேரு, ஆள் பேரு எதையும் இங்கயோ வாட்ஸ்அப் குரூப்லயோ இப்ப போட்றாதீங்க.

வடக்குத்தெரு மீனா:
ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். என் நாத்தனாரோட போய் பாத்துட்டு வந்தேன். மூணுல ரெண்டு கடைக்கு பான் ஒண்ணு! மூணாவதோட பான் வேற, நல்லவேளை வாய விடல. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல 60 பல்பு வரவு இருக்கு, பத்து பத்தா செலவும் எழுதியிருக்கு, ஆனா எல்லா வரியிலயும் "தெருவிளக்குக்கு"ன்னு மட்டும்தான். எந்த தெரு எந்த கம்பம்னு ஒண்ணுமில்ல, அத வச்சு இருக்குனும் சொல்ல முடியல இல்லனும் சொல்ல முடியல, அழுகையே வந்துருச்சு. அதனால ஊர்ல இருக்குற 83 கம்பத்துக்கும் நம்பர் போட்டு லிஸ்ட் எடுத்துட்டேன். அக்டோபர் 2 கிராம சபையில இத வைக்கலாம்னு இருக்கேன், தீர்மானம் எப்படி எழுதணும் ஐயா?

ரிட்டையர்டு செயலர்:
இப்படி எழுதிக்கம்மா: "தெருவிளக்கு பொருட்கள் வழங்கும்போது கம்ப எண், மாற்றிய தேதி, கழற்றிய பழைய பல்பின் எண்ணிக்கை ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் பதிவு செய்யவும், அதனை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கவும் தீர்மானிக்கப்படுகிறது." யாரையும் குத்தம் சொல்ற வார்த்தை இதுல இல்ல, அதனால எதுக்க மாட்டாங்க. உன் கம்ப லிஸ்டையும் அதோட சேத்து குடு. ஒண்ணு மட்டும் மறக்காத, சபைக்கு வந்த உடனே நோட்ட நீட்டி கையெழுத்து கேப்பாங்க, தீர்மானம் நோட்டுல ஏறுன பிறகு படிச்சு பாத்துட்டு போடு, கூட வர்ற பொம்பளைங்க கிட்டயும் சொல்லிரு.