கேம் கூரியரில் மச்சானைக் கூப்பிட்டேன், யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார். அழைப்பு எப்படித்தான் வேலை செய்கிறது?

ஷிப்ட்காரன், சுங்கை சிப்புட்

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மச்சான் ஜொகூர் பாருவில். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர். எனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவர் பேருந்து வரிசையில் நிற்பார், அவர் வீட்டுக்கு வரும்போது நான் பாய்லர் பக்கம் இருப்பேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவது தீபாவளிக்கு மட்டும்தான்.

அதனால் அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது ஒரு காய் நகர்த்தினால் போதும் என்கிற மாதிரி இடம் தேடினோம். மாறுபட்ட சதுரங்க ஆட்டங்களுக்கான செஸ் வேரியண்ட் பேஜஸ் தளத்தில் உள்ள கேம் கூரியர் பிடித்துப்போனது. இருவரும் கணக்கு திறந்தாயிற்று. பெரிய பலகையில் ஆடும் கிராண்ட் செஸ் ஆடலாம் என்று முடிவு. அதன் பிரிசெட்டை, அதாவது அந்த ஆட்டத்துக்கென்று தயாராக வைத்திருக்கும் பலகையைத் திறந்தேன், அழைப்புப் படிவம் வந்தது, அனுப்பினேன். மச்சானுக்கு ஒரு தகவலும் இல்லை. மறுநாள் எனக்கு மின்னஞ்சல் வருகிறது, முகம் தெரியாத ஒருவர் ஏற்றுக்கொண்டு ஆட்டம் தொடங்கிவிட்டதாம்!

இவர் எப்படி உள்ளே வந்தார்? மச்சானை எப்படிக் கூப்பிடுவது? படிவத்தில் ஸ்பேர் டைம், கிரேஸ் டைம் என்று ஏதேதோ வரிசையாக நிற்கிறது, எதையும் தொடாமல் விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிப்பாய்

தம்பி, எதிராளி பெயர் போட வேண்டிய இடம் காலியாக இருந்திருக்கும். பெயர் இல்லாத அழைப்பு பொது அழைப்பு. தளத்தில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் அதை ஏற்கலாம். குறிப்பிட்ட ஒருவரைத்தான் வேண்டும் என்றால் அவருடைய பயனர் பெயரை எழுதி அனுப்ப வேண்டும், அப்போது வேறு யாரும் நுழைய முடியாது. வந்தவர் மேல் தப்பில்லை. அவர் பங்குக்கு, 'கிராண்ட் செஸ் ஆட யாராவது வருகிறீர்களா' என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கிள்ளான் டீச்சர்

பெயர் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மச்சானை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியாது. அவர் பதிவு செய்தபோது கொடுத்த பயனர் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புலனத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்து எழுதினால் தப்பாது. அழைப்பு மின்னஞ்சலில் வரும் என்பதால் ஸ்பேம் பெட்டியையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

ராணிப்பித்தன்

இவ்வளவு சிரமம் எதற்கு? லிச்செஸ் என்கிற சதுரங்கத் தளத்தில் ஆடுங்களேன். நண்பரை ஆட அழைக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு இணைப்பு வரும். அதை மச்சானுக்கு அனுப்பினால் முடிந்தது வேலை.

பழைய சிப்பாய்

லிச்செஸ் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருக்கும் மாறுபட்ட ஆட்டங்கள் கை விரலுக்குள் அடங்கிவிடும்: செஸ்960, கிரேசிஹவுஸ், அட்டாமிக், ஆன்டிசெஸ், ஹோர்ட் இந்த மாதிரி. கிராண்ட் செஸ் கிடையாது. இன்னொன்று, மாறுபட்ட ஆட்டத்தை நாள் கணக்கில் ஆடினால் அங்கே ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) மாறாது, சும்மா ஆட்டம்தான். மச்சானுடன் ஆட ரேட்டிங் எதற்கு என்றால் அதுவும் சரிதான்.

கிராண்ட் செஸ் 1984இல் கிறிஸ்டியன் ஃப்ரீலிங் உருவாக்கியது. பத்துக்குப் பத்து பலகை. முதல் வரிசையின் இரு மூலையில் யானைகள் மட்டும் நிற்கும், மற்ற காய்கள் இரண்டாம் வரிசையில், சிப்பாய்கள் மூன்றாவதில். யானையும் குதிரையும் சேர்ந்தாற்போல ஒரு காய், மந்திரியும் (பிஷப்) குதிரையும் சேர்ந்தாற்போல இன்னொன்று. ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கிற வேலையே இல்லை. ஒருமுறை ஆடினால் எட்டுக்கு எட்டு பலகை ஒட்டுக்கடை பெஞ்சு மாதிரி நெருக்கமாகத் தெரியும்.

ஷிப்ட்காரன், சுங்கை சிப்புட்

நன்றி அண்ணே, டீச்சர். பெயர் விஷயம் புரிந்தது. இப்போது வந்திருப்பவரை என்ன செய்வது? பாதியில் விட்டால் மரியாதையாக இருக்காது. நேர விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். பழம் அதிகம் வரும் மாதங்களில் ஆலையில் மூச்சு விட முடியாது. குலை அறுத்தால் சீக்கிரம் ஆவியில் வேக வைத்தாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் போய்விடும். லாரி வரிசையில் நின்றால் ஷிப்ட் முடியவே முடியாது. அந்தச் சமயத்தில் மூன்று நாள் கைப்பேசியை எடுக்கக்கூட நேரம் இருக்காது.

பழைய சிப்பாய்

வந்தவருடன் ஆடுங்கள். ஆட்டத்தோடு சேர்த்து ஒரு செய்தி எழுத இடம் இருக்கும், அதில் வேலை இப்படி, சில நாள் தாமதமாகும் என்று இரண்டு வரி போடுங்கள். ஆட்டம் உடன்படவில்லை என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம். பதில் சொல்லாமல் கடிகாரம் ஓடித் தீரும்வரை காக்க வைப்பதுதான் உண்மையில் மரியாதைக் குறைவு.

இனி நேரம். விதிமுறைகளை அழைப்பவர்தான் வைக்கிறார், ஏற்பவர் அதற்குச் சம்மதித்து வருகிறார். அதனால் படிவத்தில் மற்றதைவிட இந்த இடத்தில்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பேர் டைம் உங்கள் கையிருப்பு. மொத்த ஆட்டத்துக்கும் சேமித்து வைத்த நாட்கள் என்று வையுங்கள். கிரேஸ் டைம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உள்ள சலுகை. அந்த நேரத்துக்குள் நகர்த்திவிட்டால் கையிருப்பில் கை வைக்காது, தாண்டினால்தான் கையிருப்பு கரையும்.

ஷிப்ட் வேலைக்காரருக்குக் கிரேஸ் டைம்தான் உயிர். கையிருப்பை மட்டும் பெரிதாக வைத்து, சலுகையைச் சில மணி நேரம் என்று வைத்தீர்கள் என்றால், இரவு ஷிப்ட் தூக்கம் ஒவ்வொன்றும் கையிருப்பைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் நீளும்போது நல்ல நிலையில் இருந்துகொண்டே நேரத்தில் தோற்பீர்கள். உங்கள் நிலைமைக்குச் சலுகையை நாள் கணக்கில் வையுங்கள். கையிருப்பையும் தாராளமாக, பழக் காலத்தைத் தாங்குகிற அளவுக்கு வையுங்கள். மச்சானிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், அவருக்கு அது மந்தமாகத் தோன்றலாம்.

கிள்ளான் டீச்சர்

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் நான் பார்க்கச் சொல்வது பிரிசெட்டைத்தான். ஒரே ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரிசெட் இருக்கும். சிலது விதியைத் தானே காக்கும், தப்பான நகர்த்தலை ஏற்காது. சிலது வெறும் பலகை, நீங்கள் ராஜாவைப் பறக்க விட்டாலும் அதற்குக் கவலையில்லை, விதியை இரண்டு பேரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிராண்ட் செஸ்ஸில் இது முக்கியம். சிப்பாய் எட்டாம் வரிசையிலிருந்தே பதவி உயர்வு பெறலாம், ஆனால் ஏற்கெனவே எதிராளி வெட்டிய உங்கள் காய் ஏதாவது ஒன்றாகத்தான் மாற முடியும். எதுவும் வெட்டுப்படவில்லை என்றால் கடைசி வரிசைக்குப் போகவே முடியாது. இந்த இடத்தில் மச்சான்மார் சண்டை நிச்சயம். விதி காக்கும் பிரிசெட்டை எடுத்தால் அந்தச் சண்டை மிச்சம்.

ராணிப்பித்தன்

அடடா, எனக்கே ஆசை வருகிறது. சீனச் சதுரங்கம் அங்கே உண்டா? எங்கள் தாமான் கோப்பிக் கடையில் தாத்தாமார் வட்டக் காய்களைப் படார் படார் என்று அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கிட்டே போகப் பயம்.

பழைய சிப்பாய்

உண்டு. சீன எழுத்துக் காயும், படம் போட்ட காயும் இருக்கும். எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் படத்தில் தொடங்கலாம். பொது அழைப்பு போடுங்கள், பெயர் காலியாக விடுவது உங்களுக்குத்தான் சரிவரும்.

ஷிப்ட்காரன், சுங்கை சிப்புட்

மச்சான் பெயரைச் சரியாக எழுதி, சலுகை நேரத்தை நாள் கணக்கில் வைத்து, விதி காக்கும் பிரிசெட்டில் அனுப்பினேன். அவருக்கு உடனே போய்விட்டது, ஸ்பேம் பெட்டியில்தான் கிடந்தது டீச்சர். ஏற்றுக்கொண்டார். வெள்ளை அவருக்கு. ஆனால் சிப்பாயை நகர்த்திவிட்டேன் என்று காலையிலிருந்து புலனத்தில் சத்தியம் செய்கிறார், என் பலகையில் காய் அசையவில்லை.

கிள்ளான் டீச்சர்

நகர்த்திய பிறகு பலகை புது நிலையைக் காட்டும், அத்தோடு முடிந்தது என்று மூடியிருப்பார். அது சரிபார்க்க மட்டும் காட்டுவது. அதற்குக் கீழே அனுப்பும் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால்தான் நகர்த்தல் உங்களுக்கு வரும், மின்னஞ்சலும் போகும். பாலத்தில் நிற்கும்போது அழுத்தச் சொல்லுங்கள், அங்கேதான் அவருக்கு நேரம் இருக்கும்.

ஷிப்ட்காரன், சுங்கை சிப்புட்

அதேதான் டீச்சர்! இப்போது வந்துவிட்டது. அந்த முகம் தெரியாதவரும் ஒரு குதிரையை நகர்த்தி, வேலையை முதலில் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். இரண்டு ஆட்டமும் ஓடுகிறது.