எண்ணெய் காய்ச்சுவதையும் பார்சல் கட்டுவதையும் வெளியே கொடுத்துவிடலாமா?

பவானிக்கரை:
வணக்கம். இரண்டு வருடமாக வீட்டிலேயே கரிசலாங்கண்ணி எண்ணெய், குளியல் பொடி, கற்றாழை ஜெல் மூன்றும் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தேன். இந்தத் தை மாதம் சொந்தமாக வெப்சைட் ஆரம்பித்தேன். இப்போது வாரத்துக்கு 60, 70 ஆர்டர் வருகிறது. மாமியார் இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ச்சுகிறார். நான் பகலில் பாட்டில் நிரப்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு 11 மணி வரைக்கும் பெட்டி ஒட்டுகிறேன். இரண்டு பேருக்கும் இடுப்பு போய்விட்டது.

மற்றவர் பிராண்டுக்குப் பொருள் செய்து தரும் ஒரு தேர்ட் பார்ட்டி ஃபேக்டரியில் விசாரித்தேன். ஒரு பொருளுக்குக் குறைந்தது 1,000 பாட்டில் எடுத்தால்தான் செய்து தருவார்களாம். சென்னைப் பக்கம் ஒரு குடோன்காரர் சரக்கை வைத்திருந்து, ஆர்டர் வர வர பேக் செய்து கூரியரில் போட்டுவிடுகிறேன், ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும் என்கிறார். இரண்டையும் கொடுத்துவிட்டு நான் விற்பனையை மட்டும் பார்க்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்க் கடை:
இரண்டையும் கொடுங்கள் சகோதரி. ஃபேஸ் வாஷ், ஷாம்பு, பாடி லோஷன் விற்கிறேன், நாலாவது வருடம். இன்றுவரை ஒரு சொட்டுகூட நான் கலக்கியதில்லை. முதல் வருடம் பேக்கிங் மட்டும் நானே செய்தேன். அந்த ஒரு வருடத்தில் புதிதாக ஒரு பொருள்கூடக் கொண்டுவர முடியவில்லை, போன் எடுக்கவே நேரமில்லை. குடோனுக்குக் கொடுத்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் பேசவே ஆரம்பித்தேன்.

ஃபேக்டரியிடம் லைசென்ஸ், மிஷின், கெமிஸ்ட் எல்லாம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பெயரும் நம்பிக்கையும். அதை வளர்ப்பதில் நேரத்தைப் போடுங்கள். ராத்திரி 11 மணிக்குப் பெட்டி ஒட்டுவது வியாபாரம் இல்லை, உடம்பைக் கெடுத்துக்கொள்வது.

பொள்ளாச்சி சோப்பு:
நான் முழுசாக எதிர்ப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, லோஷனும் நலங்கு மாவும் ஒன்றில்லை.

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் குளியல் பொடியை வெளியே அரைக்கக் கொடுத்தேன். கொடுத்த பட்டியலில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பச்சைப்பயறு எல்லாம் அளவோடு எழுதியிருந்தேன். முதல் தடவை அருமையாக வந்தது. இரண்டாவது தடவை வந்த மூட்டையைப் பிரித்தபோது நிறம் பளீரென்று இருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் போன் மேல் போன்: "அக்கா, துண்டெல்லாம் மஞ்சள், கழுத்தில் கறை நிற்கிறது." நல்ல கஸ்தூரி மஞ்சள் உடைத்தால் உள்ளே வெளிறித்தான் இருக்கும், தோலில் கறை பிடிக்காது. அதனால்தான் பெண்கள் முகத்துக்கு அதைத் தேடுகிறார்கள். அந்த விலைக்குக் கட்டுப்படி ஆகவில்லை என்று அவர்கள் வேறு மஞ்சளைப் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "மஞ்சள்தானே மேடம்" என்றார்கள். 340 பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன வாடிக்கையாளரில் பாதிப் பேர் திரும்பவில்லை.

பொருளின் மணமும் நிறமும் கையில் தெரிகிறவர் நீங்கள் மட்டும்தான். அதை எப்படி வெளியே கொடுப்பீர்கள்?

ஓசூர்க் கடை:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது ஒப்பந்தத்தில் விட்ட ஓட்டை. எந்தப் பொருள் யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தால் மாற்றியிருக்க முடியாது. முக்கியமான சரக்கை நாமே வாங்கிக் கொடுத்து, கூலிக்குச் செய்யச் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பொள்ளாச்சி சோப்பு:
கிலோக் கணக்கில் கொடுத்த கஸ்தூரி மஞ்சள் முழுசும் என் பொடியில்தான் போனது என்று யார் நின்று பார்ப்பது? அதற்கு நானே அரைத்துவிடலாமே.

கடலூர் சி.கே.ரங்கநாதனை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கினார், இன்றைக்கு கெவின்கேர். அவர் சிக் ஷாம்புவைத் தானே தயாரித்துத்தான் விற்றார்.

ஓசூர்க் கடை:
ஷாம்புவைச் சாஷேவில் அடைத்து விற்கிற யோசனையே அவர் அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருந்தது அக்கா. தொழில் தெரிந்த குடும்பம். எல்லோருக்கும் அது அமையாது.

தரப்பிரிவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தேர்ட் பார்ட்டியாகச் செய்து கொடுக்கிற ஒரு ஃபேக்டரியில் 11 வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன். இரண்டு பேரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் முதலில் வர வேண்டும்.

பவானி சகோதரி, நீங்கள் இப்போது செய்வதற்கு லைசென்ஸ் இல்லை என்று நினைக்கிறேன். அழகுப் பொருள் எதுவானாலும், எண்ணெயோ பொடியோ, விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 1940ஆம் வருட மருந்து, அழகுப் பொருள் சட்டமும், 2020இன் அழகுப் பொருள் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. சொந்த இடத்தில் தயாரிக்க சிஓஎஸ்-8 என்ற படிவத்தில் வரும் உரிமம். உரிமம் உள்ள வேறொருவர் ஃபேக்டரியில் உங்கள் பெயரில் தயாரிக்க லோன் லைசென்ஸ், அது சிஓஎஸ்-9. இது இரண்டும் வேண்டாம் என்றால், ஃபேக்டரியே தன் உரிமத்தில் தயாரித்து, லேபிளில் தயாரித்தவர் என்று அவர்கள் பெயரும் விற்பவர் என்று உங்கள் பெயரும் வரும். வெப்சைட்டில் படம் போட்டு விற்க ஆரம்பித்த பிறகு "வீட்டில் செய்தது" என்பது விதிவிலக்கு ஆகாது. பயமுறுத்தச் சொல்லவில்லை, என் தங்கையாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, மூன்று பொருளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எண்ணெயில் தண்ணீர் இல்லை. அதற்கு வரும் ஆபத்து காறல் வாடை, வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் வரும். ஆனால் அதில் கிருமி சுலபமாக வளராது. பச்சைக் கரிசலாங்கண்ணி இலையைப் போட்டுக் காய்ச்சும்போது ஈரம் முழுசும் போக வேண்டும், சடசடப்பு அடங்கி நுரை நிற்கும் பதம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். பொடியும் காய்ந்திருக்கும்வரை தாங்கும். கற்றாழை ஜெல் அப்படியில்லை, அது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். சரியான பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல், மிக்ஸியில் அடித்து டப்பாவில் போட்டால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கிருமி பெருகியிருக்கும். பொதுவான தோல் பொருளுக்கு ஒரு கிராமில் 1,000 வரைதான் நுண்ணுயிர் எண்ணிக்கை இருக்கலாம், குழந்தைகளுக்கும் கண்ணுக்கும் உள்ளவற்றில் 100. வீட்டு ஜெல் ஒன்றைச் சோதித்தபோது எண்ண முடியாத அளவுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஜெல்லை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பவானிக்கரை:
ஜெல்லில் வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் சேர்க்கிறேனே சார், அது போதாதா?

தரப்பிரிவு:
போதாதும்மா. வைட்டமின் ஈ எண்ணெய் காறாமல் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடம் இது.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் "முடி கொட்டுவது நிற்கும், வழுக்கையில் முடி முளைக்கும்" என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படிச் சொன்ன நிமிடமே அது அழகுப் பொருள் இல்லை, மருந்து ஆகிவிடுகிறது. மருந்து என்றே பதிவு செய்தாலும் வழுக்கையைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது, குணமாக்கும் என்று சொல்லத் தடையுள்ள நோய்களின் பட்டியலான அட்டவணை ஜே-யில் அது இருக்கிறது. எந்த ஃபேக்டரிக்குக் கொடுத்தாலும் இது மாறாது.

குடோன் தம்பி:
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களிடம் சரக்கு வைத்திருக்கும் சின்னச் சின்ன பிராண்டுகள் நிறைய. என் சோறே இதில்தான், இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

வாரம் 70 ஆர்டர் என்றால் ஒரு நாளைக்கு 10. அக்கா, இதைக் குடோனுக்குக் கொடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை. இடத்துக்கு மாத வாடகை, சரக்கு உள்ளே எடுக்க ஒரு கட்டணம், ஆர்டருக்கு ஒரு கட்டணம், திரும்பி வந்தால் அதற்குத் தனி. சரக்கு அசையாமல் கிடந்தாலும் முதல் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்பிய பெட்டி எங்களிடம்தான் வரும். அதைப் பிரித்துப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், பையன் ஸ்கேன் செய்து மறுபடி அலமாரியில் வைத்துவிடுவான். அந்தப் பாட்டில் 12 நாள் லாரியில் வெந்திருக்கும், மூடி திறந்தும் இருக்கலாம். அடுத்த ஆர்டருக்கு அதுவே போகும். எக்ஸ்பைரி தேதி முன்னால் வருவதை முதலில் எடுக்கச் சொல்லியும் எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கைக்கு எட்டும் பெட்டிதான் போகும். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே லிப் பாம் குழம்பாகி, ராத்திரி திரும்ப இறுகி, மேலே புள்ளி புள்ளியாக நிற்கும். வாங்கியவர் பூஞ்சை என்று படம் எடுத்துப் போடுவார்.

ஓசூர்க் கடை:
தம்பி சொல்வது சரி, நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்த சரக்கு தனி ரேக்கில் போகும், மாதம் ஒரு முறை எனக்கு வரும். ஆனால் 10 ஆர்டர் என்பதால் காத்திருக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சின்னதாக இருக்கும்போதே பழக்கிக்கொண்டால்தான் தீபாவளிக்கு ஒரே வாரத்தில் 500 வந்தால் தாங்கும். அந்த வாரத்தில் புதிதாக யாரையும் பழக்க முடியாது.

குடோன் தம்பி:
தீபாவளி வாரத்தில் எங்களிடமும் எல்லோருடைய 500-உம் ஒன்றாகத்தான் வரும் அண்ணா. முதலில் பெரிய பிராண்டு பெட்டிதான் வெளியே போகும். அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

பவானி அக்கா, இப்போது என்ன பெட்டியில் அனுப்புகிறீர்கள்? பாட்டில் எவ்வளவு?

பவானிக்கரை:
200 மில்லி பாட்டில், ஃப்ளிப் மூடி. 20க்கு 15க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி. மொத்த எடை 280 கிராம்தான், ஆனால் கூரியரில் ஒரு கிலோ ரேட் போடுகிறார்கள். ஏன் என்று புரியவில்லை.

குடோன் தம்பி:
அங்கேதான் பணம் போகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டி 3,000, வகுத்தால் 0.6 கிலோ. அரைக் கிலோ படியைத் தாண்டியதால் ஒரு கிலோ ஆகிவிடுகிறது. 16க்கு 12க்கு 8 பெட்டி வாங்கினால் 0.31 கிலோதான். அரைக் கிலோ ரேட்டிலேயே போகும். ஆர்டர் ஒவ்வொன்றிலும் மிச்சம்.

ஃப்ளிப் மூடிக்குக் கீழே, பாட்டில் வாயை மூடுகிற இண்டக்ஷன் சீல் என்ற தாளை ஒட்டுங்கள், கையில் பிடிக்கும் சின்ன மிஷினே கிடைக்கிறது. ஒட்டிய பாட்டிலை டிஷ்யூ பேப்பர் மேல் படுக்க வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பேப்பரில் ஒரு வட்டம் தெரிந்தால்கூட அந்த மூடி வேண்டாம். பார்சலில் பாட்டில் எப்போதும் படுத்துத்தான் போகும்.

பொள்ளாச்சி சோப்பு:
நன்றி தம்பி, இந்த வகுத்தல் கணக்கு எனக்கே இன்றுதான் விளங்கியது.

பவானிக்கரை, டிசம்பரில் டெல்லிப் பக்கம் அனுப்பினால் உள்ளே ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று. எனக்கு "கலப்படம்" என்று ஒரு ஸ்டார் ரிவ்யூ வந்ததே இதனால்தான். கையால் எழுதிய அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட பெண்களால் எனக்கு வந்த ஆர்டர் அதிகம். குடோன் அதை எழுதித் தராது.

ஓசூர்க் கடை:
அச்சடித்துக் கொடுத்தால் போடுவார்கள் அக்கா. சரி, அதை விடுங்கள். கணக்கில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இது என் தரப்பு வாதத்துக்கு எதிராகத்தான் போகும், இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. குடோன் கட்டணத்துக்கு 18. நீங்கள் வாடிக்கையாளரிடம் வசூலிக்கிற 5 சதவீத வரியில், குடோனுக்குக் கட்டிய அந்த 18 சதவீத வரி முழுசும் கழியாமல் தேங்கலாம். பாட்டில், பெட்டிக்குக் கட்டியது தேங்கினால் ரீஃபண்ட் கேட்க வழி உண்டு, சேவைக்குக் கட்டியதற்கு இல்லை. ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தயாரிப்பு விஷயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். உரிமம் இல்லாமல் இன்னொரு மாதம் ஓட்டுவதைவிட 1,000 பாட்டில் எடுப்பது நல்லது.

பொள்ளாச்சி சோப்பு:
1,000 பாட்டில் என்றால் வாரம் 40 பாட்டில் விற்றாலும் ஆறு மாதச் சரக்கு தம்பி. முதல் சரக்கிலேயே பணம் முடங்கிவிடும். என் சோப்புக்கு நான் சொந்தமாக ஷெட் போட்டு உரிமம் எடுத்தேன். அலைச்சல்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை. பார்மசி டிப்ளமோவோ வேதியியல் படிப்போ உள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

பவானிக்கரை:
நாத்தனார் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இடமும் இருக்கிறது. மாமனார் ஜமக்காளம் நெய்த தறிக்கூடம் அஞ்சு வருடமாகச் சும்மா கிடக்கிறது. வீட்டை ஒட்டியே இருக்கும், சமையலறையிலிருந்து ஒரு கதவு போகிறது. அது சரிப்படுமா சார்?

தரப்பிரிவு:
நாத்தனாரின் சான்றிதழை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். இடத்தைப் பொறுத்தவரை, தயாரிக்கும் இடம் குடியிருக்கும் பகுதியோடு இணைந்திருக்கக் கூடாது. அந்தக் கதவை அடைத்து, வெளியே தனி வாசல் வைக்க வேண்டும். தரை கழுவக் கூடியதாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். சுவர் 6 அடி உயரம்வரை வழுவழுப்பாக, ஈரம் இறங்காததாக வேண்டும், டைல்ஸ் ஒட்டினால் போதும். விண்ணப்பத்துக்கு முன்னால் எண்ணெய், பொடி இரண்டையும் என்ஏபிஎல் என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் உள்ள பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்து வையுங்கள். காய்ச்சும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில் தேதி எழுதி எடுத்து வைக்க வேண்டும், எக்ஸ்பைரி தாண்டும்வரை அதைத் தொடக் கூடாது.

பவானிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஜெல்லை இப்போதுதான் வெப்சைட்டிலிருந்து எடுத்தேன். கையில் இருந்த 22 டப்பாவையும் கொட்டிவிட்டேன், வாங்கியவர்களுக்கு மெசேஜ் போடுகிறேன். "முடி முளைக்கும்" வரியையும் நீக்கியாகிவிட்டது. உரிமம் கைக்கு வரும்வரை எண்ணெய், பொடி ஆர்டரும் எடுக்கப் போவதில்லை. ஓசூர் அண்ணன் வழியில் ஜெல்லை மட்டும் பிறகு ஃபேக்டரியில் கேட்கிறேன், அது நம் கைக்கு அடங்காத பொருள் என்று புரிந்துவிட்டது. பார்சல் நானே கட்டுகிறேன், சின்னப் பெட்டியில்.

கதவை அடைக்க வேண்டும் என்றதும் மாமியாருக்குத்தான் மனசில்லை. நாற்பது வருடம் அந்தக் கதவு வழியாகத்தான் மாமனாருக்கு டீ கொண்டுபோயிருக்கிறார். ராத்திரி ரொம்ப நேரம் பேசவில்லை. காலையில் அவரே கொத்தனாருக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.